மாடி வீட்டுக்கு வந்த மாதா

புளி வாங்கப் போன இடத்தில் ஒருத்திக்கு அப்படி என்ன நேர்ந்துவிட முடியும்? நல்ல புளியா, பூச்சி விழுந்ததா என்று கிள்ளிப் பார்த்து, பெட்டியில் போட்டு, சீல் வைத்துக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டு மலேசியாவின் கிள்ளானிலிருந்து கிளம்பினேன். பொங்கல் முடிந்த கையோடு வந்தவள், மே மாதம் பிறந்தும் கடத்தூரில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து, போன கரண்டு எப்போது வரும் என்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓரிடத்தில் தங்குகிற ஆள் இல்லை. எங்கள் நாட்டில் தமிழர்கள் பலர் பிறந்த மாதிரி நானும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்தை விற்றார்கள், வரிசை வீடுகளை இடித்தார்கள், எல்லோரும் ஆளுக்கொரு அடுக்குமாடிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கால் நிலைக்கவில்லை. சாமான் கொள்முதல் பார்க்கும் வேலை அதற்குத் தோதாக அமைந்தது. ஒரு வருடம் கிராம்பு, ஒரு வருடம் ஜாதிக்காய். கல்யாணமும் செய்துபார்த்தேன். அவருக்கு ஒரே வீட்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கும், எனக்கு மூச்சு முட்டும். சண்டை இல்லாமல் பிரிந்தோம்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி சந்திரன் கிள்ளானிலிருந்து போன் செய்தார்.

"புஷ்பா, வியட்நாம்ல மிளகு வேலைக்கு ஆள் வேணும். போறியா? இல்ல, அங்கேயே இருந்து அடுத்த சீசன் புளியையும் பார்த்துக்கிறியா? ரெண்டுல ஒண்ணு சனிக்கிழமைக்குள்ள சொல்லு லா. நான் டிக்கெட் போடணும்."

'போகிறேன்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முதலாளிகளைக் கொஞ்சம் காக்க வைத்தால்தான் நமக்கு மதிப்பு என்பதால் விழுங்கிக்கொண்டேன். மனசுக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது.

கடத்தூர் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. சந்தையும் பஸ் ஸ்டாண்டும் டீக்கடைகளும் உள்ள ஒரு சின்ன ஊர். ஒரு முனையில் போண்டா வாசனை, மறு முனையில் வெங்காயத் தோல். எங்கள் ஊர்க் கோப்பிக் கடைகளைப் போல இங்கேயும் காலையிலேயே ஆண்கள் வந்து உலகத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். பிரச்சினை ஊரில் இல்லை, மரியாதையில்தான்.

எங்கே போனாலும் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிடும். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் நடுவில் கலெக்டர் மாதிரி. கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரி பிலோமினா அக்கா எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் டீ கொடுப்பார், எனக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. என் பெயர் புஷ்பா என்பதே அந்தத் தெருவில் யாருக்கும் தேவைப்படவில்லை. மலேசியா மேடம் என்றால் போதும்.

புளிக் கிடங்கிலும் அதே கதை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்னச் சுத்தியால் புளியைத் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். கை தட்டிக்கொண்டே இருக்கும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும். நான் நுழைந்தால் பேச்சு நின்று சுத்தி மட்டும் கேட்கும். அன்று மதியம் அவர்கள் தூக்குவாளியைத் திறந்து ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டார்கள். மாதம்மா என்ற பெண், என் தெருவிலேயே கடைசி வீடு, களியை உருட்டிக் கடைசலில் தோய்த்து விழுங்கிய அழகைப் பார்த்து எனக்கு எச்சில் ஊறியது.

"எனக்கும் கொஞ்சம் தாங்க" என்றேன்.

"அய்யோ, இதெல்லாம் உங்களுக்கு ஒத்துக்காதுங்க மேடம்" என்று பதறிப்போய் யாரையோ அனுப்பி எனக்குப் புரோட்டா பார்சல் வாங்கி வரச் செய்தார். அந்தப் புரோட்டாவை நாற்காலியில் உட்கார்ந்து தின்றேன்.

செவ்வாய்க்கிழமை சேலம் வரைக்கும் போய்ச் சாம்பிள் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். தர்மபுரி போகும் என்று சத்தியம் செய்துதான் கண்டக்டர் ஏற்றினார். பெங்களூர் வண்டி. அதியமான்கோட்டை வந்ததும், "ஊருக்குள்ள போவாதுங்க, பைபாஸ்ல போயிடும், எறங்கிக்கங்க" என்று விசில் அடித்துவிட்டார். நான் வாக்குவாதம் செய்ய வாயைத் திறப்பதற்குள் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

சாலையோரத்தில் நுங்கு வெட்டும் கடை. இரண்டு பெண்கள் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். நான் நுங்கைத் தோலோடு கடிப்பதா உரித்துத் தின்பதா என்று திணறுவதைப் பார்த்துத் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான் வளர்ந்த தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு, அதனால் எனக்குப் புரியும். "முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்து ஆள் மாதிரிதான் இருக்கிறாள்" என்றாள் ஒருத்தி. "நிற்பதைப் பார். பஸ் வருவதற்கு முன்பே ஒரு கால் ஏறிவிட்டது. இவள் எந்த ஊருக்கும் ஆக மாட்டாள்" என்றாள் மற்றவள். நான் தெலுங்கிலேயே காசு எவ்வளவு என்று கேட்டேன். இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பேச்சு மனசில் தைத்துவிட்டது.

அங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு வண்டி, தர்மபுரியிலிருந்து கடத்தூருக்கு டவுன் பஸ். பெண்களுக்கு அதில் டிக்கெட் இலவசம். எந்த நாட்டுக்காரி என்று கேட்காமலேயே கண்டக்டர் எனக்கும் கிழித்துக் கொடுத்தார். அந்த ஊரில் என்னைத் தனியாகப் பிரித்து வைக்காத ஒரே மனிதர் அவர்தான்.

வீடு திரும்பியபோது தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. கீழ் வீட்டுக்கு மாதா வந்திருக்கிறாள் என்றார்கள். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். காடு கழனி உள்ளவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், டவுனில் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் உண்டு. மே மாதம் வந்தால் கோயிலில் இருக்கும் மாதா சிலையை, அவர்கள் சொல்வது சுரூபம், வெளியே எடுத்து, வீட்டுக்கு வீடு வைப்பார்கள். ஒரு வீட்டில் ஓர் இரவு, ஒரு பகல். மறுநாள் சாயந்தரம் தெருவே கூடிச் செபமாலை சொல்லும். பிறகு அந்த வீட்டுப் பெண் மாதாவைக் கையில் ஏந்திப் போய் அடுத்த வீட்டுப் பெண் கையில் கொடுப்பாள். மாதம்மா வீட்டார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், அவர்களும் பூவோடு வந்து நிற்பார்கள். நான் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

புதன்கிழமை சாயந்தரம் கீழே செபமாலை முடிந்ததும் ஒரு சின்ன வழக்கு நடந்தது.

"அடுத்தது லூர்து வூடு" என்றார் உபதேசியார். கோயிலில் செபம் சொல்லித் தரும் பெரியவர் அவர்.

"எப்பிடிங்க?" என்றார் பிலோமினா அக்கா. "நடுவுல ஒரு வூடு இருக்குதே, மேல."

"மேல மேடம் இல்ல இருக்கறாங்க? அவங்க நம்ம வேதமும் இல்ல, நாளைக்குப் போயிடறவங்க."

"மேல தனியா அடுப்பு எரியுதா இல்லியா? அடுப்பு எரிஞ்சா அது ஒரு வூடு. ஒரு வூட்டத் தாண்டிக்கிட்டு மாதா எப்பிடிப் போவா?"

உபதேசியார் அடுத்த வீட்டு லூர்து அக்காவைப் பார்த்தார். லூர்து அக்கா ஒல்லியான பெண், என்னைவிட நாலைந்து வயசு பெரியவர். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, மாதாவை வாங்கத் தயாராக நின்றிருந்தார். ஒரு நிமிடம் யோசித்தார்.

"மேலயே போவட்டுங்க. நாங்க நாளைக்கி வாங்கிக்கறம்" என்று சிரித்தார்.

எனக்கு ஒரே கூச்சம். மாதா மாடிப்படி ஏறி வந்தாள். என் மேசையில் ஏற்கனவே முருகன் படம் இருந்தது. அதை எடுத்துவிடவா என்று கேட்டேன். "எதுக்கு? ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கட்டும்" என்றார் பிலோமினா அக்கா. ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அது வெட்கமில்லாமல் சொல்ல வேண்டிய விஷயம்தான். பக்கத்தில் யாரோ வந்து தங்கியிருக்கிற மாதிரி இருந்தது. காலையில் எழுந்தால் வழக்கமான அரிப்பு. சும்மா இருக்க முடியவில்லை. வத்தல்மலையில் காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வியட்நாம் போவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிட்டால் நல்லது. மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புது மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி, அகலமான தட்டில் நிறுத்தி, கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிள்ளானிலிருந்து நானே கொண்டுவந்த பூட்டு அது. எந்த ஊரிலும் வீட்டுக்காரர் தரும் பூட்டை நான் நம்புவதில்லை. விருந்தாளி உள்ளே பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வீட்டில் மாதா இருக்கும் நாளில் கதவைப் பூட்டக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி பூட்டுவாள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது.

மலை அழகாகத்தான் இருந்தது. பஸ் ஒவ்வொரு வளைவிலும் பெருமூச்சு விட்டுத் திரும்பியது. மேலே போகப் போக வெயிலின் கோபம் தணிந்தது. சவுக்கு மாதிரி உயர்ந்த மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஒரு தோட்டக்காரர் பலாச்சுளை கொடுத்தார். பேசிக்கொண்டே தின்றதில் மதிய பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, "வந்தா வரும்" என்றார் அவர். போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

கடைசியில் பலாப்பழம் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. மூன்றாவது வளைவில் டயர் போயிற்று. டிரைவர் நிதானமான மனிதர். பழங்களை ஒவ்வொன்றாக இறக்கி, ஸ்டெப்னியை மாட்டி, திரும்ப ஒவ்வொன்றாக ஏற்றினார். நான் மேலும் கீழும் நடந்தேன். "ஒக்காருங்கம்மா, மல எங்கியும் போயிடாது" என்றார். மலை போகாது, நான்தான் போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடிவாரம் வந்ததும் போன் விழித்துக்கொண்டது. பிலோமினா அக்காவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். பதறிப்போய்த் திரும்ப அழைத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். எங்க இருக்கறீங்க? சரிங்க, மெதுவா வாங்க."

குரலில் எந்தக் குறையும் இல்லை. நானும் அதை நம்பி, தர்மபுரியில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தெருவில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. என் மாடிப்படி முழுக்க ஆட்கள். மேல் படியிலிருந்து கீழ்ப் படிவரை நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, பூட்டிய கதவைப் பார்த்தபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் செபம் நின்றது. எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள்.

"வாங்க மேடம். பஸ்ஸு கெடைக்கிலீங்களா?"

"பாத்து ஏறுங்க, லைட்டு இல்ல."

இருட்டில் சாவி துவாரத்தில் நுழையவில்லை. பிலோமினா அக்காவின் கணவர் சின்னப்பன் அண்ணன் டார்ச் அடித்தார். "ஒடைச்சிருக்கலாம், கம்பி கூட எடுத்தாந்தாங்க. மாதா உள்ள இருக்கறப்ப பூட்ட எப்பிடிங்க ஒடைக்கறது?" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. உள்ளே மெழுகுவர்த்தி எரிந்து முடிந்து தட்டில் ஒட்டிக் கிடந்தது. மாதாவும் முருகனும் இருட்டில் இருந்தார்கள்.

மாதாவை நான்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்றார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். லூர்து அக்கா தன் வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். கண் சிவந்து வீங்கியிருந்தது. நான் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். "ரொம்ப மன்னிச்சுக்குங்க" என்றேன் எல்லோரையும் பார்த்து. "பரவால்லைங்க மேடம், பரவால்லைங்க" என்று கலைந்து போனார்கள். ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எங்கள் பக்கமாக இருந்தால் அங்கேயே என்னை உரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை கிடங்குக்குப் போனேன். வழக்கத்தைவிட அதிக மரியாதை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். மாதம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டதும் சொன்னார்.

"லூர்து மவன் ஜெரால்டு நேத்துதாங்க குவைத்துக்குக் கெளம்புனான். மொத மொத வெளிநாடு போறான். ரெண்டு வருசம் ஆவும் திரும்பி வர. மாதாவத் தொட்டுக் கும்புட்டுட்டு, வூட்டுல கொண்டாந்து வச்சிட்டுப் போலாம்னு இருந்தாங்க. ஏழு மணிக்கி பெங்களூரு பஸ்ஸு."

"அப்புறம்?"

"உங்க வூட்டு வாசல்லியே நின்னான். நேரமாயிடுச்சி. பூட்டத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போயிட்டான்."

புதன்கிழமை சாயந்தரமே லூர்து அக்கா வீட்டுக்குப் போக வேண்டிய மாதா அவள். மகன் கிளம்பும் வரை ஒரு முழுப் பகல் கூடவே இருந்திருப்பாள். முந்தானையைச் செருகிக்கொண்டு வாங்க நின்ற அந்த அம்மாள், எனக்காக அதை விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரித்தார். நான் மிளகுக்கொடி பார்க்கப் போனேன்.

கிடங்கிலிருந்து நேராக லூர்து அக்கா வீட்டுக்குப் போனேன். விழுந்து மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துதான் போனேன். கூடத்தில் மாதா இருந்தாள். என்னைப் பார்த்ததும் லூர்து அக்கா எழுந்து உள்ளே ஓடினார். ஒரு நாற்காலி வந்தது. கலர் பாட்டில் ஒன்று, மூடி திறந்து, ஸ்ட்ரா போட்டு வந்தது.

"உக்காருங்க மேடம். வெயிலு ஜாஸ்திங்க."

"அக்கா, உங்க மகன்..."

"அதுக்கென்னாங்க பண்றது. நீங்க வேணும்னா பண்ணீங்க? குடிங்க."

அவர் முகம் இறுகிப்போயிருந்தது. கண்ணை என் பக்கம் திருப்பவே இல்லை. அந்தச் சிவப்புத் தண்ணீரை நான் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தேன். அதைவிடக் கசப்பான ஒன்றை நான் எந்த நாட்டிலும் குடித்ததில்லை. வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று சாயந்தரம் மாதா அவர் வீட்டிலிருந்து அதற்கடுத்த வீட்டுக்குப் போனபோது நான் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினேன். இதற்கு முன்னால் எந்த ஊரை விட்டுக் கிளம்பும்போதும் எனக்குக் காலில் சக்கரம் மாட்டியதுபோல் இருக்கும். இந்தத் தடவை ஒவ்வொரு சேலையும் கல்லாய்க் கனத்தது.

சனிக்கிழமை காலையில் கீழே இறங்கினேன். பிலோமினா அக்கா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டீங்களாக்கா?" என்றேன். காலைச் சாப்பாட்டை நாங்கள் அப்படித்தான் கேட்போம். வழக்கமாக அதைக் கேட்டுச் சிரிப்பார். சிரிக்கவில்லை. "இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடுறேன். வியட்நாம் போறேன்" என்றேன்.

பிலோமினா அக்கா தேய்த்துக்கொண்டிருந்த குண்டானை ஓங்கிக் கீழே வைத்தார்.

"எங்க போறீங்க?"

"வியட்நாம். அங்க மிளகு..."

"மெளவு! இன்னும் மெளவு! செய்யறதயும் செஞ்சிட்டு ஓடறியா? லூர்து மூஞ்சில முழிக்க முடியாதுன்னு பயமா உனுக்கு?"

அவர் கைச் சாம்பலோடு எழுந்து வந்துவிட்டார்.

"உபதேசியாருகிட்ட வாயடிச்சி மாதாவ மேல ஏத்துனது யாரு? நானு. தெருவே இப்ப என்னக் கேக்குது, எதுக்குடி அவளுக்குக் குடுத்தன்னு. ஒரு வூடுன்னு உன்ன நான் கணக்குல வச்சன். நீ லாட்ஜுன்னு நெனச்சிப் பூட்டிக்கிட்டுப் போயிட்ட. ரெண்டு நாளா வாயக் கட்டிக்கிட்டு இருக்கறன், வெளியூருக்காரி மனசு நோவக் கூடாதுன்னு. இப்ப காலி பண்றாளாம்!"

"போய்ப் பார்த்தேன்கா. அவங்க கலர் கொடுத்தாங்க."

"நீ நாற்காலில போயி ஒக்காந்தா கலருதான் குடுப்பா. அவ வேற என்னா பண்ணுவா? போ. இப்பவே போ. போயித் தரையில ஒக்காரு. அவ அழுவா. அழுவட்டும். எழுந்திரிக்காத."

அவர் சாம்பல் கையாலேயே என் முதுகைத் தள்ளினார். ஐம்பது வயதில் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தப்படும் பிள்ளை மாதிரி நான் போனேன். மாதம்மா தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பிலோமினா அக்காவின் குரல் தெருவைக் கிழித்தது.

"ஏய் லூர்து! வருது பாரு புஷ்பா! வுடாத, நல்லாக் கேளு அவள!"

என் பெயர் இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லூர்து அக்கா கூடத்தில் அரிவாள்மனையை மிதித்தபடி ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலி எடுக்க எழப் பார்த்தார். நான் அதற்குள் எதிரில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினார். நானும் ஒரு மாங்காயை எடுத்தேன்.

"இப்பிடியா நறுக்குவாங்க?" என்றார் திடீரென்று. "கொட்டையோட நறுக்கணும். பெருசு பெருசா நறுக்கி வச்சா உப்பு எப்பிடி ஏறும்?"

"சரிக்கா."

"என்னா சரி? உன்னக் கட்டிப்போட்டா வச்சிருந்தோம்? ஒரு நாளு. ஒரே ஒரு நாளு வூட்ல இருக்க முடியாதா உன்னால?"

அதற்குப் பிறகு அணை உடைந்தது.

"எம்புள்ள பூட்டத் தொட்டுக் கும்புடறான். பூட்ட! மாதாவத் தொட வேண்டிய கை பூட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குது. நான் அதப் பாத்துக்கிட்டு நிக்கறன். பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கறான். அவன் 'அம்மா, அழுவாதம்மா'ன்னு சொல்லிட்டு ஓடறான். உனுக்கு அன்னிக்கின்னு பாத்து மல ஏறணுமா? ஒரு ஆளு வூட்டுக்கு வந்தா அவங்கள வுட்டுட்டுக் கதவச் சாத்திக்கிட்டுப் போறதுதான் உங்க ஊரு பழக்கமா?"

அவர் அழுதுகொண்டே நறுக்கினார், நறுக்கிக்கொண்டே திட்டினார். என் கண்ணீர் மாங்காயில் விழுந்தது. அதையும் பார்த்துவிட்டார். "தண்ணி பட்டா ஊறுகா பூஞ்ச புடிக்கும், தள்ளி வச்சிக்கிட்டு அழுவு" என்றார். எத்தனை ஊரில் எத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சிமெண்டுத் தரையில் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த நிம்மதி எங்கேயும் இருந்ததில்லை. உடம்பு எழுந்திருக்கவே மறுத்தது.

போன் அடித்தது. முதலாளி. கையெல்லாம் மாங்காய்ப் பால். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன புஷ்பா, சனிக்கிழமை ஆச்சே லா" என்றார். பிறகு, "யார் அங்க சத்தம் போடறது?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"யாரைத் திட்டுறாங்க?"

"என்னைத்தான்."

"ஐயையோ, என்ன பண்ணி வச்ச? பிரச்சினை ஒண்ணும் இல்லையே? உடனே டிக்கெட் போட்டுடவா?"

"யாருடி அது போனுல?" என்றார் லூர்து அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே. "யாரா இருந்தாலும் அப்பறம் பேசச் சொல்லு. நான் இன்னும் கேக்க வேண்டியது நெறைய இருக்குது."

"முதலாளி" என்றேன் நான், "வியட்நாமுக்கு வேற ஆள் பாருங்க. அக்கா இன்னும் திட்டி முடிக்கலை."